பாதி இறக்கிய ஷட்டர்

ராஜபாளையத்தில் எங்கள் மாவு மில்லுக்கு முன்னால் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டியபோது, நான் செய்த ஒரு காரியத்தால் மில்லே கையை விட்டுப் போகப் பார்த்தது. புதிதாகக் கடை போடும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஜேசிபி மண்ணை அள்ளிக் கொட்டியதும் புழுதி உள்ளே வந்தது. அரிசி மாவில் புழுதி விழுந்தால் பல்லில் நறநறவென்று கடிபடும். அதனால் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். பள்ளத்தின் மேல் நடக்கப் பலகை போட்டிருந்தார்கள். ஆனாலும் ஆள் வரவில்லை. மிளகாய் டின்னோடு தெருமுனை வரை வந்த பெண்கள், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கூப்பிட எனக்குக் கூச்சம். பக்கத்துக் கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன.

பத்து நாள் மெஷின் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் கால் முறிந்து, கட்டோடு மில்லுக்குப் பின்னால் உள்ளறையில் கிடந்தார்.

"வேற மில்லுக்குப் பழகிட்டா திரும்ப வர மாட்டாவ. மெஷினை விலைக்குக் கேட்ட ஆளை வரச் சொல்லிரட்டுமா?" என்றார்.

முப்பது வருஷம் நான் அரைத்த மெஷின். எழுந்துபோய் அதன் மேல் படிந்த புழுதியைத் துடைத்தேன்.

மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் சமையல்காரர் சுப்பையா ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார். கல்யாண வேலைக்கு மல்லி, மிளகாய் எல்லாம் எங்களிடம்தான் அரைப்பார். அன்று கையில் மூட்டை இல்லை. ரோஜா மாலை இருந்தது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலையே மதினி! அண்ணாச்சி படத்தை எங்க மாட்டிருக்கீய?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ஏலே சுப்பையா, செத்த நேரம் உக்காரு. வாரேன்!"

சுப்பையா துள்ளியதில் தலை ஷட்டரில் முட்டியது.

"பாதி ஷட்டர் போட்டா என்ன அர்த்தம் மதினி? அண்ணாச்சி தவறிட்டாவன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கம் என்றால் எங்கள் கடைத்தெருவில் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். தெருவில் பிரேதம் போகும்போதெல்லாம் நானே இறக்கியிருக்கிறேன். துக்க வீட்டில் வந்து மிளகாய் அரைக்கச் சொல்வார்களா?

வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "வாங்கின மாலை வீணாப் போகவேண்டாம். என் கழுத்துல போடுலே" என்றார்.

"வாயைக் கழுவுங்க!" என்று கத்திவிட்டேன். என் குரல் தெருவுக்குக் கேட்டது அன்றுதான். ஜேசிபிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சுப்பையா ஷட்டரை மேலே தூக்கினார். தெருமுனையில் நின்ற ஒருத்தி, "ஏட்டி, மில்லுக்கார அண்ணாச்சி உசுரோட இருக்காவ!" என்று கூவினாள்.

சாயங்காலம் பலகை மேல் டின்னோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். மெஷினை விற்கும் பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். மூச்சு விட முடிந்தது எனக்கு.

வாசலில் பள்ளம் வெட்டினால், புழுதிக்கு ஈரச் சாக்கைக் கட்டுங்கள், ஷட்டரை இறக்காதீர்கள். கடை உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் எழுதி வையுங்கள். பள்ளம் மூடும்வரை நான் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன்: "மில் ஓடுகிறது. வீட்டுக்காரரும் நன்றாக இருக்கிறார்."