சத்து மாத்திரை

மிதியை அழுத்துவதற்கு முன் அக்காவின் இடது கால் செருப்பிலிருந்து கழன்று, தையல் மிஷினுக்கு அடியில் அரைவட்டமாக ஒருமுறை துழாவும். அங்கே படுத்திருக்கும் நாயின் வாலோ காதோ மிதிபட்டுவிடக் கூடாதே என்று ஏழு வருடமாகப் பழகிய கால். ரோமம் பட்டால் "நகருங்க துரை" என்பார். இப்போது வெறும் தரைதான் படுகிறது. ஒவ்வொரு தடவையும், சுட்டுக்கொண்டவர் மாதிரி காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார்.

என் மாடியறைக்குக் கீழே அவருடைய ஒற்றை ஷட்டர் கடை. புதுத்துணி தைப்பதில்லை, பிறர் தைத்ததைச் சரிசெய்வதோடு சரி. பெருத்தவருக்கு இடுப்பைத் தளர்த்துவார், இளைத்தவருக்குப் பிடிப்பார். தெருவுக்கு அவர் ஆல்டரேஷன் அக்கா. அளவெடுக்கும்போது யாராவது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், "மூச்ச விடுங்க சார். பேன்ட்டு போட்டோவுக்கா, போட்டுக்கவா?" என்பார். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள். அவற்றோடேயே பேசுவார், அவற்றோடேயே சிரிப்பார்.

நாயின் பெயர் பட்டன். முயலைவிடக் கொஞ்சம் பெரியது. போன மழைக்காலத்தில் அதற்கு இதயம் வீங்கிவிட்டது. கிழவர் தொண்டையைச் செருமுவதுபோல் இருமும். சாயங்காலச் சொட்டு மருந்து அக்காவின் பொறுப்பு. காலை மாத்திரை அவர் வீட்டுக்காரருடையது. பள்ளி வேன் ஓட்டுகிறவர் அவர். கிளம்பும் அவசரத்திலும் ரொட்டித்துண்டுக்குள் மாத்திரையைப் புதைத்து, குனிந்து ஊட்டிவிட்டுத்தான் போவார்.

"எங்கிட்ட மட்டும்தான் தம்பி சமத்தா முழுங்குறான். எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணும்" என்பார் என்னிடம்.

"ஆமா, பெரிய டாக்டரு. மொதல்ல உங்க சுகர் மாத்திரைய முழுங்குங்க" என்பார் அக்கா.

ஒரு திங்கட்கிழமை, வேனின் சத்தம் தெருமுனையில் தேய்வதற்குள், மிஷினுக்கு அடியில் இருமல் நின்றுபோனது.

ஒன்பதாம் நாள், கிழிந்த சட்டைப் பையைத் தைத்து வாங்கக் கீழே போயிருந்தேன். நிறத்துக்குப் பொருந்தும் துண்டைத் தேடி, மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்தார் அக்கா. பட்டன் தலைவைத்துப் படுக்கும் மூட்டை அது. நீலம், சிவப்பு, கோடு போட்டது என்று துண்டுகள் விழுந்தன. கூடவே வெள்ளையாக ஏதோ உருண்டது. இன்னொன்று. பிறகு ஒரு கொத்து. பஞ்சும் காய்ந்த ரொட்டியும் ஒட்டிய மாத்திரைகள். மொத்தம் பத்தொன்பது.

அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கள்ளப்பயலே" என்றார்.

வாசலில் வேன் வந்து நின்றது. அவசர அவசரமாகத் துணியைப் போட்டு மூடினார். ஒன்று மட்டும் தப்பி, உள்ளே வந்த வீட்டுக்காரரின் காலடிக்குப் போய்விட்டது. அவர் எடுத்தார். நடுக்கோட்டை நகத்தால் தடவினார்.

"இது நான் குடுத்ததுல்ல?"

அவரே துணியை விலக்கிப் பார்த்தார். வாடிக்கையாளர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான்தான்..."

"சும்மா இருங்க. எது எதுக்கான மாத்திரைன்னு நமக்கென்ன தெரியும்? நாளைக்கு டாக்டர்ட்ட கேட்டுட்டு வரேன்."

மறுநாள் காலை வேன் கிளம்பவில்லை. பிள்ளைகளின் வீடுகளிலிருந்து போன்மேல் போன். அவர் எடுக்கவில்லை. நேற்றைய சட்டையோடு அதே ஸ்டூலில் இருந்தார். அக்கா மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார்.

மதியம் திரும்பினார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சத்து மாத்திரையாம்! வெறும் சத்து மாத்திரை. நெஞ்சுக்கு உள்ளது நான் விட்ட சொட்டு மருந்துதானாம். 'அது ஒழுங்கா போச்சுல்ல, அப்புறம் என்னம்மா?'ன்னு சிரிக்கிறார் அந்த மனுஷன். இதுக்குப் போயி ஒரு நாள் பொழப்பக் கெடுத்துக்கிட்டு!"

வீட்டுக்காரர் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து முகம் கழுவினார். சாவியை எடுத்தார். சாயங்காலம் தெருவில் வேன் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

ஒரு மாதம் கழித்து, அந்த நாய் டாக்டர் இருக்கும் கட்டடத்தில் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடைக்காரருக்கு அக்காவைத் தெரியும்; வாராவாரம் பட்டனைத் தூக்கிக்கொண்டு வந்த முகம்.

"அந்தம்மா இப்போ தேவலையா தம்பி?" என்றார். "போன மாசம் ஒரு நாள், நாயில்லாம, கையில காகிதப் பொட்டலத்தோட வந்தாங்க. டாக்டர் ஊர்லயே இல்ல, அந்த வாரம் பூராவும் பூட்டுதான். சொன்னேன், போகல. ரெண்டு மணி நேரம் படியிலயே உக்காந்து தனக்குத்தானே பேசிட்டிருந்தாங்க. என்னமோ சத்து மாத்திரையாம், சத்து மாத்திரையாம்னு... ஒரு தடவை அழுத்திச் சொல்றாங்க, ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொல்லிப் பாக்குறாங்க. கண்ணுல தண்ணி வந்துட்டா தொடச்சிட்டு, திரும்ப மொதல்லேருந்து."