யாரும் வராத கூட்டத்துக்குப் போனவள்

ஒரு கதவு திறக்க வேண்டும் என்று வருடக்கணக்காகத் தட்டியவளுக்கு, அதை வேறொருத்தி வந்து ஒரே தள்ளலில் திறந்துவிட்டால் மகிழ்ச்சி வர வேண்டுமா, வயிறு எரிய வேண்டுமா? கதவு திறந்ததுதானே முக்கியம் என்று சொல்வது சுலபம். வெர்லின் கிரெனெக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லச் சற்றுத் தயங்குவார்கள்.

ஹூஸ்டனுக்கு மேற்கே, ஒரு காலத்தில் நெல் விளைந்த சமவெளியில் எழும்பிய ஒரு குடியிருப்பில் இருந்தது அவள் வீடு. வீடுகளைக் கட்டி விற்ற நிறுவனம், சாலைக்கும் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் செலவான பணத்தைக் குடியேறியவர்களிடமிருந்தே வசூலிக்க ஒரு தனி வரி வட்டாரத்தை உண்டாக்கியிருந்தது. பள்ளிக்கூட வரி, மாவட்ட வரி எல்லாம் போக அதற்கும் கட்ட வேண்டும். அதை நடத்த ஐந்து பேர் கொண்ட குழு. அந்த ஐவரில் ஒருவர்கூட வெர்லின் தெருவில் குடியிருக்கவில்லை. குழு கூடியதோ ஹூஸ்டன் நகர நடுவில், ஒரு வக்கீல் நிறுவனத்தின் கண்ணாடிக் கோபுரத்தில், வார நாளில், நடுப்பகலில். அறிவிப்பை மட்டும் சட்டப்படி குடியிருப்புக்குள்ளேயே ஒட்டினார்கள். வடிகால் கால்வாய் ஓரத்தில், கொக்கு நிற்கிற இடத்தில், ஒரு கம்பத்தில் மாட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள். சட்டத்தையும் காப்பாற்றினார்கள், ரகசியத்தையும் காப்பாற்றினார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் யாரும் நடுப்பகலில் அங்கே போக முடியாது. வெர்லின் போக முடிந்தது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை பொழுது அவளுடையது. ஒரு வருடம் வரி ஏறியபோது ஏன் என்று கேட்கப் போனாள். யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதமும் போனாள். அப்படியே பழக்கமாகிவிட்டது.

முதலில் அவளை உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றாள். குழுவின் வக்கீல் ஹோலிஸ் பிரூவிட் தலையை நிமிர்த்தாமல், "பொதுமக்கள் யாராச்சும் பேசணுமா?" என்று கேட்பார். பொதுமக்கள் என்றால் அவள் ஒருத்திதான். வடிகாலைத் தூர் வாரியதாகக் கணக்கு இருக்கிறதே, எங்கே தூர் வாரினீர்கள் என்று கேட்பாள். குறித்துக்கொள்கிறோம் என்பார்கள். சில வருடம் போனபின் அவளுக்கும் ஒரு நாற்காலி வந்தது. அதற்கும் பின்னால், குழுவுக்கு வரும் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளோடு கூடுதலாக ஒன்று வந்தது. ஊறுகாய் வைக்காத வான்கோழி சாண்ட்விச். அவளுக்கு ஊறுகாய் பிடிக்காது என்று அந்த அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது.

"டவுன்ல அஞ்சு ஆம்பளைங்க, பட்டப்பகல், உதட்டுல சாயம் வேற," என்பான் அவள் கணவன் லியான். "ஊர்ல என்ன பேசுவாங்க வெர்ல்?"

"நாலு ஆம்பளை, ஒரு பொம்பளை. அந்தப் பொம்பளை குறட்டை விடுறா. நீ போய் நாய்க்குச் சோறு வை."

அந்தத் தெருக்கோடியில் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்துகொண்டிருந்தவள் டெனீஸ் ஹவ்லிக். வெர்லினைவிடப் பதினைந்து வயது இளையவள். மாதா கோவிலில் பார்த்தால் கட்டிக்கொள்வாள். வெர்லின் வரிக் கதையை ஆரம்பித்தால், "ஐயோ மிஸ் வெர்லின், இதெல்லாம் எனக்கு மண்டையில ஏறாது," என்று நழுவுவாள். அந்த டெனீஸ்தான் தேர்தலில் நின்று மாநிலச் சட்டசபைக்குப் போனாள். போன பிறகு மண்டையில் ஏறியது.

"ஒரே ஒரு தடவை உங்ககூட அந்தக் கூட்டத்துக்கு வரேனே?" என்றாள்.

வெர்லின் அழைத்துப் போனாள். அன்று நடந்ததை அவள் லியானிடம் பல தடவை சொன்னாள், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போல. டெனீஸ் உள்ளே நுழைந்ததும் ஐந்து பேரும் எழுந்தார்கள். பிரூவிட் தன் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீரில் சர்க்கரை வேண்டுமா வேண்டாமா என்று உபசாரம். கூடுதலாக வந்திருந்தது ஒரே ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அதை டெனீஸ் முன்னால் வைத்தார்கள்.

"அடடே, உங்களுக்கு?" என்றாள் டெனீஸ், பாதி சாண்ட்விச்சைத் தின்ற பிறகு.

"பசிக்கலை."

திரும்பி வரும் வழியெல்லாம் டெனீஸ் பேசிக்கொண்டே வந்தாள். வெர்லினின் வயிறும் பேசிக்கொண்டே வந்தது.

சில மாதத்தில் மசோதா வந்தது. தனி வரி வட்டாரங்களின் கூட்டம் அந்தந்த வட்டாரத்துக்குள்ளேயே, மாலை நேரத்தில் நடக்க வேண்டும். கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். வீடு வாங்குகிறவரிடம் வரியைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றும் வெர்லின் வருடக்கணக்காகக் கேட்டது. செய்தித்தாளில் படம் போட்டார்கள். கால்வாய்க் கம்பத்தின் பக்கத்தில் நின்று டெனீஸ் கண்ணாடிப் பெட்டியைச் சுட்டிக்காட்டினாள்.

"புல்லு எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு," என்றாள் வெர்லின். "அதை வெட்டுறது யாரு? நான். இல்லேன்னா இவ முழங்கால் வரைக்கும் புதர்ல நின்னிருப்பா."

"உழுதது ஒருத்தி, அறுத்தது ஒருத்தி," என்றான் லியான். "ஆனா சோறு எல்லாருக்கும்தானே?"

"எனக்குச் சோறு கிடைக்காத கதைதான் உனக்குத் தெரியுமே."

பொறாமை என்று லியான் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. பொறாமைப்பட அவளுக்கு உரிமை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நியாயமான பொறாமை, நியாயமற்ற பொறாமை என்று இரண்டு வகை உண்டா என்பது வேறு விசாரணை. எரிச்சல் இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை டெனீஸ் நெடுஞ்சாலைக் கடையில் வாங்கிய கொலாச்சியோடு, அதாவது கசகசா வைத்த இனிப்பு ரொட்டியோடு, வந்தாள். வீட்டிலேயே கொலாச்சி சுடுகிறவளுக்குக் கடைக் கொலாச்சி.

"மிஸ் வெர்லின், ஆஸ்டினுக்கு வரணும். கமிட்டி முன்னாடி நீங்க பேசணும். கட்டடக்காரங்க பக்கம் பெரிய பெரிய வக்கீலுங்க வராங்க. கூட்டத்துக்கு யாருமே வர்றதில்லை, எங்க வெச்சா என்னங்கறாங்க. வந்த ஆளுன்னு காட்ட உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"உனக்கா, மசோதாவுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

வெர்லின் கொலாச்சிப் பையை மூடி ஓரமாக வைத்தாள். ஆனால் விடுப்பு எடுத்துக்கொண்டு மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குப் போனாள்.

சட்டசபையின் நிலத்தடிக் கூடம். வரிசையாகப் பலர் பேசினார்கள். டெனீஸ் நன்றாகப் பேசினாள், அதை வெர்லினே ஒப்புக்கொள்வாள். பேச்சின் நடுவில், "அந்தக் கூட்டத்துக்கு நான் போனப்போ உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. சுவரோரமா நின்னேன்," என்றாள். கூட்டம் உச்சுக் கொட்டியது. வெர்லினுக்குக் காது சூடேறியது. தன் உழைப்பு போயிற்று, புல் போயிற்று, சாண்ட்விச் போயிற்று. இப்போது தான் பட்ட அவமானத்தையும் எடுத்துக்கொண்டாளே!

வெர்லின் முறை வந்தது. தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். கமிட்டியில் கட்டடக்காரர்களுக்கு வேண்டியவரான டாலிவர் என்பவர் முன்னால் சாய்ந்தார்.

"அம்மா, நீங்களும் அந்த அம்மாவும் சேர்ந்துதான் போனீங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்களுக்கு நாற்காலி இல்லைங்கறது நிஜமா?"

பின் வரிசையில் பிரூவிட் உட்கார்ந்திருந்தார். அவருக்கு உண்மை தெரியும். டெனீஸுக்கும் தெரியும். அவள் முகம் வெளுத்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். டெனீஸ் சிரிப்புக்கு இடமாவாள், மசோதாவும் அவளோடு போகும்.

"அந்த அறையில மக்களுக்குன்னு நாற்காலி கிடையாதுங்க," என்றாள் வெர்லின். "பெரிய மனுஷங்க வந்தா எங்கயும் நாற்காலி முளைக்கும். நான் பஸ் ஓட்டுறவ. நான் நின்னேன்."

"எவ்வளவு காலம்?"

"காலு பழகுற வரைக்கும்."

கூடம் சிரித்தது. டாலிவரும் சிரித்துவிட்டார், பிறகு கேள்வி கேட்கவில்லை. வடிகால் தூர் வாரிய கதையை அவள் நிதானமாகச் சொல்லி முடித்தாள். மசோதா கமிட்டியைத் தாண்டியது.

வெளியே டெனீஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்னைக் காப்பாத்திட்டீங்க."

"உன்னையில்லை."

"தெரியும். மசோதாவைன்னு சொல்றீங்க."

"கண்ணைத் துடை. மை வழியுது."

கோடையில் மசோதா சட்டமானது. ஆளுநர் கையெழுத்திட்ட பேனாவை டெனீஸ் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினாள். இலையுதிர் காலத்தில் வட்டாரக் குழுவின் முதல் மாலைக் கூட்டம் நடந்தது. இடம், வெர்லின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். தெருவில் கார் நிறுத்த இடமில்லாத கூட்டம். பிரூவிட் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மிஸ் வெர்லின் எங்கே?"

டெனீஸ் ஓடிவந்து கதவைத் தட்டினாள். வெர்லின் கையில் மாவோடு வந்து நின்றாள்.

"எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க!"

"ஆரம்பிக்கச் சொல்லு."

"வரலையா?"

"நீ போ. நேரமாவுது."

அன்று அவள் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. பிறகு பல வருடம் அந்த வீட்டிலேயே வாழ்ந்தாள், பேருந்து ஓட்டினாள், வரியைத் தவணை தவறாமல் கட்டினாள். இரண்டு தெரு தள்ளி நடந்த ஒரு கூட்டத்துக்குக்கூடப் போனதில்லை. ஏன் என்று லியான் கேட்டான், டெனீஸ் கேட்டாள், கடைசியில் பிரூவிட்டும் ஒரு வாழ்த்து அட்டையில் எழுதிக் கேட்டார். மூவருக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்: "இப்பதான் எல்லாரும் வர்றாங்களே."