கேலியாகச் சொல்லப்பட்டதா?

மரண ஆபத்தில் இருப்பவருக்குக் குருவானவர் கிடைக்காவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். வளர்ந்தவராயின் விசுவாச உண்மைகளை ஓரளவு அறிந்திருக்க வேண்டும். விருப்பத்தை ஏதேனும் ஒரு விதத்தில் காட்ட வேண்டும். நிரூபிக்க நம்பத்தக்க ஒரு சாட்சி போதும். திருச்சபைச் சட்டம் முக்கியமாகக் கேட்பது இவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோரில் சுற்றுநிருபங்களோடு வாழ்ந்த நான் இதைவிடத் தெளிவான விதியைக் கண்டதில்லை.

என் மனைவி வெள்ளவத்தைச் சைவக் குடும்பத்துப் பெண். கொட்டாஞ்சேனையில் என்னோடு நாற்பது வருடம் இருந்தும் மதம் மாறவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் கைவிரித்த அன்று பின்னேரம்தான் கேட்டேன்: இயேசு கடவுள் என்று நம்புகிறாயா, அவரால் நித்திய வாழ்வு உண்டென்று நம்புகிறாயா? பயத்தில் கேட்டேன். அவளில்லாத மறுவுலக வாழ்வு எனக்குத் தண்டனை இடமாற்றம் போலத் தோன்றியது.

அவள் ஒட்சிசன் முகமூடியை விலக்கினாள்.

"அவர் கடவுள்தான். மனுசனெண்டா உங்களோட எப்பவோ அலுத்துப்போயிருப்பார்." மூச்சு வாங்கிவிட்டு, "ஊத்துங்கோவன். எனக்கும் அங்க வர விருப்பம்" என்றாள்.

போத்தல் தண்ணீரை நெற்றியில் மூன்று தரம் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னேன். தலையணை நனைந்ததற்குத் தாதி ஏசினாள். மறுநாள் காலை என் மனைவி இறந்தாள்.

பங்குக் குருவானவர் வெளிநாட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாக இருந்த இளங்குரு, ஆயர் இல்லத்தின் அனுமதியில்லாமல் பதிவேட்டில் எழுதவோ எங்கள் குடும்பக் கல்லறையைத் திறக்கவோ பயந்தார். பிரேதம் அனுமதிக்குக் காத்திருக்காது. மனைவியின் தம்பி வந்து, "அத்தான், உங்கட ஆக்கள் எடுக்காட்டி நாங்கள் எடுக்கிறம்" என்றான். மறுக்க என்னிடம் கடிதம் இல்லை. எரித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைக்காமல் என்னிடம் தந்தது அவனுடைய பெருந்தன்மை. அது அலுமாரியில், அவளுடைய சேலைகளுக்குக் கீழே இருந்தது.

சாவை வென்ற இயேசு கடவுள் என்று நம்புகிறேன். அவருக்கு என் விண்ணப்பம் தேவையில்லை. கல்லறையைத் திறப்பவர்களுக்குத் தேவை. ஆகவே ஆயர் இல்லத்துக்கு எழுதினேன். அங்கேதான் பிழைவிட்டேன். புத்தியுள்ளவன் 'விசுவாசத்தை அறிக்கையிட்டார்' என்று எழுதி முடித்திருப்பான். வாக்குமூலத்தைச் சொன்ன சொல்லிலேயே பதிவது கந்தோர்ப் பழக்கம். 'அலுத்துப்போயிருப்பார்' என்றதையும் சேர்த்தே எழுதினேன். இரண்டு மாதத்தில் ஒரு கேள்வி வந்தது: மேற்படி கூற்று கேலியாகச் சொல்லப்பட்டதா?

நியாயமான கேள்விதான். பதில் எனக்கும் தெரியவில்லை. அவள் என்னைக் கேலி செய்தபடியேதான் தேற்றுவாள். சாகும்போதும் என்னைத் தேற்றினாளோ?

பக்கத்துக் கட்டிலில் தாயைப் பார்த்துக்கொண்டிருந்த முஸ்லிம் பெண்தான் சாட்சி. அவரைப் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் தேடிப்பிடித்து இளங்குருவிடம் அழைத்துப் போனேன்.

"எங்களுக்கு அவர் நபி, ஃபாதர். அவங்க கடவுள்ண்டுதான் சொன்னாங்க, சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாங்க. ஆனா தண்ணி ஊத்தக்குள்ள ஏலாத கையத் தூக்கிக் கும்பிட்டாங்க. நான் பாத்தன்."

நான் பார்க்கவில்லை. மூன்று தரத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதையும் சொன்னபடியே அனுப்பினேன். பிறகு நான்கு நினைவூட்டல்கள். நித்திய வாழ்வை நம்புகிறவருக்குச் சில மாதங்கள் பெரிதில்லை என்று இளங்குரு ஆறுதல் சொன்னார். அவர் அந்த அலுமாரியோடு குடியிருக்கவில்லை.

பதில் ஒரே பந்தி: கூற்று விசுவாச அறிக்கையாக ஏற்கப்படுகிறது, பெயரைப் பதியலாம், சாம்பலைக் கல்லறையில் வைக்கலாம். கந்தோர்ப் பழக்கத்தில் கிடைத்த திகதியை அதன் மேலே குறித்தேன்: ஒக்டோபர் பதினேழு, அவள் இறந்து பதினோராவது மாதம்.