மாப்பிள்ளை லீவு வாங்கிய விதம்

என் தங்கச்சி புருஷன் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர். மாடியில் அவர்கள் குடித்தனம், கீழே என் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. மனுஷன் தங்கம். ஆனால் செருப்பு வாங்கப் போனால் கடைவீதி முழுக்க அலைந்துவிட்டு, போட்டுப் போன பழைய செருப்போடேயே திரும்பி வருகிற ஆள்.

தங்கச்சிக்கு நிறைமாதம். பிரசவ நேரத்தில் கூட இருக்க மாப்பிள்ளை லீவு கேட்டார். "உங்க புரோகிராம் உங்களைத் தவிர ஒருத்தருக்கும் புரியலையே. விளக்கம் தயார் பண்ணிக் கொடுங்க. கூட வேலை பார்க்கற பொண்ணு அதைப் படிச்சுட்டு 'நான் சமாளிச்சுக்கறேன்'னு சொல்லட்டும், தாராளமா போங்க" என்றுவிட்டார் மேனேஜர்.

எழுத உட்கார்ந்தாரா? அதுதான் இல்லை. அதற்கென்று தனியாக டூல் இருக்கிறதாம். புரோகிராமுக்கு நடுவே எழுதி வைத்த குறிப்புகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, அதுவே பக்கம் பக்கமாக விளக்கம் கட்டிக் கொடுத்துவிடுமாம். எந்த டூல் நல்லது என்று ஆராய்ச்சி ஆரம்பமானது. ஒன்றில் எழுத்து பொடி. ஒன்றில் தேடும் பெட்டி இடது ஓரத்தில். இவருக்கு வலது ஓரத்தில்தான் வேண்டும். இன்னொன்று எல்லாம் சரி, கறுப்புப் பின்னணி இல்லை.

"என்னைக் கட்டிக்கக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே!" என்றாள் தங்கச்சி.

"அதுல வேற சாய்ஸ் இல்லையேம்மா."

தலையணை பறந்தது. நான் கீழே இறங்கிவிட்டேன்.

ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெண்ணை வரவழைத்து, என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துப் பட்டனைத் தட்டினார். பக்கங்கள் வந்தன. பளபளவென்று கல்யாணப் பத்திரிகை மாதிரி. தலைப்பு இருந்தது. கீழே ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்த பக்கத்தில் மட்டும் ஒரு வரி: 'இதைத் தொடாதே.'

"எதை சார்?"

"அதைத்தான்."

"ஏன்?"

"தொட்டா எல்லாம் நின்னுடும்."

அவள் வேறு எதையோ தேடினாள். அங்கேயும் 'இதைத் தொடாதே.' இத்தனை வருஷத்தில் மனுஷன் எழுதி வைத்த குறிப்பே அது ஒன்றுதான். டூல் என்ன செய்யும், பாவம்? இருப்பதைத்தானே எடுத்துக் காட்டும்.

மாப்பிள்ளை தாடையைத் தடவினார். "இந்த டூல் சரியில்ல. இன்னொண்ணு பார்ப்போம்."

"இன்னொண்ணா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி வாசலில் நின்றாள். "பாருங்க, நல்லா பாருங்க! அண்ணா, நீ என்னை உன் வண்டியில ஃபிரிட்ஜோட ஃபிரிட்ஜா ஏத்தி ஆஸ்பத்திரில இறக்கிடு."

அந்தப் பெண் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சார், நீங்க எழுதவே வேண்டாம். நான் கேக்கறேன், நீங்க வாயால சொல்லுங்க."

வாய்க்கு அவரிடம் பஞ்சமா? இது எதற்கு, அது ஏன் அப்படி, எந்த வாடிக்கையாளர் கத்தியதால் இதை மாற்றினார் என்று கொட்டித் தீர்த்துவிட்டார். திட்டுகளை நீக்கிவிட்டு மற்றதை அந்தந்த இடத்தில் அவள் குறிப்பாக ஏற்றினாள். மறுபடி பட்டனைத் தட்டினால் பக்கமெல்லாம் விஷயம். அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டு, "நான் சமாளிச்சுக்கறேன் சார்" என்றாள்.

வலி எடுத்தபோது மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தார். பெண் குழந்தை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "இன்னும் என்ன யோசனை மாப்பிள்ளை?" என்றேன்.

"ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர்கூட கூப்பிடலையே மச்சான்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.