இடப்பக்கம் நடந்தவள்

முப்பத்தெட்டு ஆண்டுகள் என் மனைவி எனக்கு இடப்பக்கமாகவே நடந்தாள். சிறுவயதில் வந்த கூகைக்கட்டு நோய் என் வலச்செவியை முற்றாகச் செவிடாக்கிவிட்டது. இதைத் திருமணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். அன்று முதல் பேருந்திலும் திருமண மண்டபத்திலும், சனிக்கிழமைதோறும் நாங்கள் வசிக்கும் ஒபர்வில்லியேயிலிருந்து காய்கறி வாங்க வரும், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் நடைபாதையிலும் அவள் என் இடப்பக்கம் வந்து சேர்ந்துகொள்வாள். அதை நான் ஓர் ஏற்பாடாகக் கருதினேன். அதன் மறுபாதியை எண்ணிப்பார்க்கவில்லை.

நான் பௌதிகவியல் கற்பித்தவன். இந்தப் பிரெஞ்சு நகருக்கு வந்தபின் உணவகச் சமையலறையிலேயே என் காலம் கழிந்தது. கற்பிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. லாச்சப்பல் சந்தியில், தலைக்குமேல் இரும்புத் தூண்களின் மீது மெற்றோ வண்டி முழங்கிச் செல்லும்போதெல்லாம் ஒலியைப் பற்றி அவளுக்கு விளக்குவேன். காற்று இடம்பெயர்வதில்லை, அதன் துணிக்கைகள் தத்தம் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்து, அந்த அசைவை மட்டும் அடுத்த துணிக்கையிடம் ஒப்படைக்கின்றன, நெருக்கமும் ஐதான தளர்வும் மாறிமாறி வரும் அவ்வொழுங்குதான் ஒலி என்பேன்.

"ஓம்," என்பாள்.

"கேக்கிறீரோ?"

"ஓம், ஓம்."

"அப்ப நான் என்ன சொன்னனான்?"

உடனே நின்று, என் முன்னால் வந்து, முகத்துக்கு நேரே பார்ப்பாள். "வாத்தியாருக்கு நடுறோட்டிலையும் கரும்பலகை வேணும். சரி, திருப்பிச் சொல்லுங்கோ."

"வழியை மறிச்சுக்கொண்டு நிக்காதையுமப்பா. சனம் போகட்டும்," என்பேன்.

பின்னால் வருவோர் எங்களை இடித்துக்கொண்டு போவார்கள். எனக்குச் சினம் மூளும். அவள் மீண்டும் இடப்பக்கம் வந்து நடப்பாள்.

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அதே பாலத்தின் கீழ், இருபது ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த ஒன்றை அவளிடம் சொன்னேன். அவளுடைய தாயார் யாழ்ப்பாணத்தில் இறுதிப் படுக்கையில் இருந்தபோது, இவளுடைய வதிவிட அட்டை புதுப்பிப்பில் இருந்தது. கையில் றெசெப்பிசே எனப்படும் தற்காலிகச் சீட்டு மட்டுமே. அதைக்கொண்டு ஊருக்குப் போய்வரலாமா என்று கேட்டுவர நான் தனியே குடிவரவு அலுவலகத்துக்குச் சென்றேன். போகலாம், திரும்பியும் வரலாம் என்று அங்கிருந்த பெண் தெளிவாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, "போனால் திரும்பி வரேலாதாம்" என்றேன். போர் நடந்த காலம். போனவள் வராமற் போய்விடுவாளோ என்ற அச்சம். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் சொன்னதை நம்பினாள். மூன்று வாரத்தில் தாயார் இறந்துவிட்டார். அன்று அவள் சமையலறைத் தரையில் அமர்ந்து அழுதபோது அவளைத் தேற்றியவனும் நானே.

வீட்டில், எதிரெதிரே இருந்து இதைச் சொல்லும் துணிவு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தெருவில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே தெருவைத் தேர்ந்தேன். நேரே பார்த்தபடி நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "என்னை மன்னிப்பீரோ?" என்று கேட்டேன்.

சில அடிகள் நடந்தபின், "ஓம்," என்றாள். என் கைப்பையையும் தானே வாங்கிக்கொண்டாள்.

அந்த ஒற்றைச் சொல்லின்மேல் நான் வாழ்ந்தேன். இளவேனிலில் அவளுடைய இதயம் நின்றபோதும், எரியூட்டும் கூடத்தில் நின்றபோதும், அச்சொல் என்னைத் தாங்கியது.

ஒரு மாதம் கழித்து, திருப்பியனுப்ப வேண்டிய அவளது மருத்துவக் காப்புறுதி அட்டையைத் தேடி அவளுடைய கோப்பைத் திறந்தேன். உள்ளே செவிப் பரிசோதனை வரைபடம் ஒன்று மடித்தபடி இருந்தது. நாங்கள் பாலத்தின் கீழ் நடந்த அந்நாளுக்கு இரண்டு ஆண்டு முற்பட்ட தேதி. இடச்செவியின் நீலக்கோடு மேலே நேராக ஓடியது. வலச்செவியின் சிவப்புக்கோடு தாழ்ந்த ஒலிகளில் சற்றே தாழ்ந்திருந்து, உயர்ந்த ஒலிகளை நோக்கிச் செல்லச்செல்லச் செங்குத்தாக விழுந்தது.

அதைப் படிக்க எனக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. என் இடப்பக்கம் நடப்பவளுக்கு என்னை நோக்கியிருப்பது அவளது வலச்செவி. நல்ல செவி தலைக்கு அப்பால், வாகன இரைச்சலின் பக்கம் இருக்கும். நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியின் அலை பதினோரடி நீளமானது. ஒரு சாணுக்கும் குறைவான தலையை அது எளிதில் சுற்றி வளைந்து அப்பால் சேரும். நாலாயிரம் முறை அதிர்வதன் அலையோ நான்கு விரற்கடை நீளமே. தலை அதற்கு நிழல் போட்டுவிடும். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தவை, வலியவை. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் வல்லினம் உயர்ந்தது, மெலியது. ஆகவே என் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் பேசுகிறேன் என்பதும் தெரிந்திருக்கும். என்ன பேசினேன் என்பது தெரிந்திராது.

என் வாயிலிருந்து அவள் செவிக்கு இரண்டடி. நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கில் ஒலி அதைக் கடந்துவிடும். என் சொற்கள் அவளது செவிப்பறையை அசைத்தன. சிற்றெலும்புகள் மூன்றும் அசைந்தன. அப்பால், நத்தைச் சுருள் போன்ற உட்செவியின் வாயிலில், உயர்ந்த ஒலிகளை ஏற்கும் மயிர்க்கலங்கள் அழிந்திருந்தன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இவை அனைத்தையும் நான் அறிவேன். அவள் ஏன் அடிக்கடி நின்று என் முன்னால் வந்தாள் என்பதை மட்டும் அறியவில்லை.

செவ்ரானில் வசிக்கும் அவளுடைய தங்கையை லாச்சப்பல் தேநீர்க்கடைக்கு வரச்சொன்னேன். வரைபடத்தை மேசையில் விரித்தேன்.

"உங்களுக்குத் தெரியாதே, அத்தான்? அக்காவுக்குக் காது மிசின் போடச் சொன்னவை. 'ஒரு வீட்டுக்கு ஒரு செவிடு காணும்' எண்டு சிரிச்சவ."

"மற்றப் பக்கம் நடந்திருக்கலாமே?"

"நானும் கேட்டனான். 'அங்காலை போனால் நான் கதைக்கிறது அவருக்குக் கேளாது. அவர் கதைக்கிறது பௌதிகம்தானே, எனக்குக் கேளாட்டிலும் பறவாயில்லை' எண்டவ."

கடைசியாக, அந்த மாரிக்காலச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு நினைவிருந்தது.

"ஓம், பின்னேரம் எனக்குப் போன் அடிச்சவ. 'அத்தான் இண்டைக்குக் கனநேரம் அலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார், களைச்சுப்போனார், பையை நான் வாங்கினனான்' எண்டு சொன்னவ." தேநீரைக் கலக்கியபடி தொடர்ந்தாள். "உங்களிலை அவவுக்கு நல்ல பட்சம், அத்தான். அம்மா சாகக் கிடக்கேக்கை நீங்கள் கந்தோருக்கு அலைஞ்சதைக் கடைசிமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ."

இறந்தவர் இவளுக்கும் தாய். கடை அமைதியாக இருந்தது. இவளுடைய செவிகள் இரண்டும் நல்லவை. நான் தேநீர் ஆறிவிட்டது என்றேன்.

வெளியே வந்ததும் அவள் என் இடப்பக்கம் வந்து சேர்ந்தாள். அக்கா சொல்லியிருக்க வேண்டும். பாலத்தின் கீழ் வந்தபோது தலைக்குமேல் வண்டி முழங்கியது. அந்த முழக்கத்துக்குள், யாருக்கும் கேளாது என்ற துணிவில், "போகலாம் எண்டுதான் சொன்னவை, நான்தான் பொய் சொன்னனான்" என்றேன்.

அவள் நின்றாள். என் முன்னால் வந்து, நடைபாதையை மறித்தபடி முகத்தைப் பார்த்தாள். "என்னத்தைச் சொன்னியள், அத்தான்? திருப்பிச் சொல்லுங்கோ."

வண்டி போய்விட்டிருந்தது. காய்கறிப் பெட்டியுடன் வந்த ஒருவன் எங்களைச் சுற்றிக்கொண்டு சென்றான். வழியை விடுமாறு நான் அவளிடம் சொல்லவில்லை. முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஓம் என்று சொல்லவில்லை.