டிஸ்க் நிரம்பட்டும் என்று விட்டேன்

உடன் பணிபுரிந்த கதிர்வேல், தன் பிழையை என் பிழையென்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். அனைவர் முன்னிலையிலும் நான் திட்டு வாங்கினேன். பழிதீர்க்க அன்றே உறுதிகொண்டேன்.

கோவையில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் முன்பதிவுக்கான ஜாவா சர்வரை நாங்கள் பராமரித்தோம். ஒரு மாலை, அதன் செயல்களைப் பதிவுசெய்யும் லாக் அமைப்பைக் கதிர்வேல் மாற்றியிருப்பதைக் கண்டேன். சர்வரின் ஒவ்வோர் அசைவையும் எழுதும்படி வைத்தவர், பழைய பதிவுகளை அழிக்கும் வரியை நீக்கியிருந்தார். லாக் கோப்பு வீங்கிக்கொண்டே போனது. காலைக்குள் டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றுவிடும். அந்த ஒரு வரியை நான் சேர்த்திருக்கலாம். கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எதிர்பார்த்தபடியே சர்வர் நின்றது. மேலாளர் கதிர்வேலை வறுத்தெடுப்பதைத் தேநீர் பருகியபடி ரசித்தேன். அப்போது முன்பதிவு உதவி எண்ணுக்கான எங்கள் தொலைபேசி ஒலித்தது. அன்னூரைச் சேர்ந்த ஒரு பெண், மருத்துவமனையிலிருந்து பேசினார்.

"ஏனுங்க, எங்கப்பாவக் கூட்டியாந்து ரெண்டு மணி நேரமாச்சுங்க. கம்ப்யூட்டர்ல பேரே வல்லைன்னு உக்கார வெச்சுபோட்டாங்க. அவருக்கு மூச்சு வாங்குதுங்க."

தேநீரை வைத்துவிட்டுக் கணினிக்கு ஓடினேன். லாக் கோப்பைக் காலிசெய்து, அமைப்பைத் திருத்தி, பத்தே நிமிடத்தில் சர்வரை ஓடவிட்டேன். பெரியவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

"எப்புடிங்க அம்மணி இத்தன வெரசாக் கண்டுபுடிச்சீங்க? என்னையக் காப்பாத்திப்போட்டீங்க!" என்றார் கதிர்வேல். மேலாளர் கைதட்டினார்.

கதிர்வேல் மீதான கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. அவர் சுமத்திய பொய்க் குற்றத்தை மறுத்து அன்று உரக்க வாதாடினேன். எவரும் சுமத்தாத இந்த மெய்க் குற்றத்தை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.