கொத்தனார் வருவதற்குள்

ஏரித் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்து வடிந்த மறுநாள் காலை, என் மாமனார் பின்வாசல் கதவைத் திறந்துவிட்டுப் படியிலேயே நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு வழவழவென்று கிடந்தது. சிட்லபாக்கத்தில் அந்த மனையை வாங்கியதே தோட்டத்துக்காகத்தான் என்பார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கயிறு கட்டித்தான் பாத்தி போடுவார். தான் விதைக்காத எது முளைத்தாலும் அவருக்குக் களை. காபி குடிப்பதற்கு முன்பே, என்ன செடி என்றுகூடப் பார்க்காமல் பிடுங்கிவிடுவார்.

அன்று மாமா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார். சேறு காய ஆரம்பித்ததும், "கொத்தனார வரச் சொல்லிட்டேன்மா. மொத்தமா சிமெண்ட் போட்டுடலாம், கழுவி விட்டா சுத்தமா இருக்கும்" என்றார். அதன்பின் பின்பக்கமே போகவில்லை. தட்டில் பாதிச் சோறு மிஞ்சும். பகலெல்லாம் கூடத்தில், ஓடாத டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது என் கணவருக்கு ஆறுதலாக இருந்தது; எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நல்லவேளை, கொத்தனாருக்கு நேரமில்லை. தாம்பரம் வட்டாரத்தில் அந்த வருடம் சுவரோ தரையோ கெடாத வீடு குறைவு. பொங்கல் கழித்துத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் சேறு வெடித்து, வெடிப்புகளில் பச்சை தெரிந்தது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். நான் பெருங்களத்தூரில் ஃப்ளாட்டில் வளர்ந்தவள்; கீரையைக் கட்டாகத்தான் தெரியும். ஒரு நாள் பக்கத்து வீட்டு பாயின் மனைவி காம்பவுண்டு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, அந்த மணத்தக்காளிய புடுங்கிடாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே வாய்ப்புண்ணு. ரெண்டு கை தழை கிடைக்குமா?" என்று கேட்டார். எது மணத்தக்காளி என்றே எனக்குத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி மாமாவைக் கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சின்ன வெள்ளைப் பூவைத் திருப்பிப் பார்த்தார், இலையைக் கசக்கி முகர்ந்தார். "இத எத்தனை தடவை புடுங்கிப் போட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தழையைக் கிள்ளிக் கிள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டினார். அன்று மதியம் எங்கள் வீட்டிலும் அந்தக் கீரைதான். தட்டில் சோறு மிஞ்சவில்லை.

மறுநாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒவ்வொரு செடிக்கும் பெயர் தேட ஆரம்பித்தோம். அவருக்கும் பாதிதான் தெரிந்தது. நான் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன். அவர் பக்கத்து வீட்டில் விசாரிப்பார். சுவரோரம் படர்ந்தது மூக்கிரட்டை என்று தெரிந்தது. தும்பையைத் தேனீக்களுக்காக விட்டோம். தரையோடு படர்ந்திருந்த இரண்டு செடிகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. ஒன்றைக் கிள்ளினால் வெறும் நீர்தான் கசிந்தது. அது பருப்புக் கீரை. மற்றதில் பால் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கடைந்துவிடலாமா என்று கேட்டேன். "சந்தேகம்னா சிவப்பு விளக்குதாம்மா. வண்டி நிக்கட்டும்" என்றார். தண்ணீர் வந்து போன பிறகு அவர் முதல் தடவையாகச் சிரித்தது அன்றுதான்.

பொங்கல் முடிந்து கொத்தனார் மணலும் சிமெண்டுமாக வந்து இறங்கியபோது மாமா தோட்டத்தில்தான் இருந்தார். குழாயடியிலிருந்து கதவு வரை ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் போட்டால் போதும் என்றார். மீதி இடத்தை என்ன செய்வது என்று கொத்தனார் கேட்டார்.

"மீதில ஆள் இருக்குப்பா" என்றார் மாமா.

இப்போது மறுபடியும் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. பாத்திகள் முன்போல் நேராக இல்லை. மழை விட்டதும், பெயர் தெரியாத நாற்றின் பக்கத்தில் துடைப்பக் குச்சி ஒன்றைக் குத்திவைப்பார். அது பூக்கும்வரை யாரையும் தொட விடமாட்டார். போன மாதம் அப்படிக் காவல் காத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒன்று, மொட்டு வைத்ததும், தொட்டால் அரிக்கிற பார்த்தீனியம் என்று தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்கினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு குச்சியை உருவி, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டடி தள்ளிப் புதிதாக முளைத்திருந்த இன்னொன்றின் பக்கத்தில் குத்தினார்.